ஒட்டுமரமும் கூன்வண்டும்



தைப்பிங்கிலிருந்து கோலாகங்சார் சுமார் 35 கிலோமீட்டர் தூரம். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பால்மரத்திற்கு வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் இன்றும் எஞ்சி நிற்பது அது ஒன்றுதான் என்று சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். பிள்ளைகளும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆயுள் முழுவதும் வெட்டிய மரங்களுக்கு அது பாட்டி முறை என்பதை எத்தனை பிள்ளைகள் அறிந்திருப்பார்களோ தெரியாது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உயிரியல் தொழில்நுட்பம். பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாய்களும் கண்முன் வரும். அது பட்டணத்துப் படிப்பாளிகளின் சமாச்சாரம், பால்வாளி தூக்கியவர்களுக்கும் குலை வெட்டியவர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். மரமோ, பூச்சியோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரோ, உயிருள்ள ஒன்றை மனிதன் தன் தேவைக்கு ஏற்ப மாற்றியும் பெருக்கியும் பயன்படுத்தும் நுட்பத்திற்குத்தான் அந்தப் பெயர். அப்படிப் பார்த்தால் பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்கிய நம் பாட்டிமாரும் அந்த நுட்பம் அறிந்தவர்களே. இந்த நாட்டில் அது பெரிய அளவில் காலூன்றிய இடம் தோட்டம். அதன் ஒவ்வொரு படியிலும் நம்மவர்களின் கை பட்டிருக்கிறது. அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே இன்று பார்ப்போம்.

கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரப்பர் விதை எண்ணெய்ப்பசை நிறைந்தது, சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே முளைத்தவை நூற்றுக்கு நான்கு என்ற கணக்குத்தான். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைத்தான் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலாகங்சாரில் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்.

அந்தக் காலத்தில் தைப்பிங்தான் பேராக்கின் தலைநகரம். ஈயம் தோண்டிய ஊர் இது. ரப்பரைப் பற்றி இங்கே யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. 1883-இல் ஹியூ லோ இங்கே தொடங்கிவைத்த பேராக் அரும்பொருளகத்தின் முதல் காப்பாளர் லெனார்ட் வ்ரே என்பவர், பேராக்கில் ரப்பர் வளர்ப்பதைப் பற்றி 1890-களிலேயே குறிப்பு எழுதிப் பதிப்பித்தார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 1888-இல் வந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். கார்கள் ஓடத் தொடங்கின, டயர் தேவைப்பட்டது, காடுகள் அழிந்தன, கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்து இறங்கிய கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே நிறத்திலும் குணத்திலும் வேறுபடுகிறார்கள் அல்லவா? அதுபோலத்தான். ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் கொடுக்கும். பக்கத்து மரம் மங்கின் அடியை நனைப்பதோடு சரி. பால் வெட்டுகிறவருக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நல்ல மரத்தைப் பெருக்குவது எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதன் விதையை எடுத்து நட்டால் பிள்ளைமரம் தாயைப்போல் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விடை ஜாவாவிலிருந்து வந்தது. டச்சுக்காரரான வான் ஹெல்டன், போடே, தாஸ் என்ற இரு தோட்டக்காரர்களோடு சேர்ந்து 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பருக்குக் கண்ணொட்டு முறையைக் கண்டார். இதில் மாயம் எதுவும் இல்லை. நாற்றங்காலில் வளர்ந்த ஒரு சாதாரணக் கன்றின் அடித்தண்டில், பட்டையை மட்டும் ஜன்னல்போல் கீறித் திறக்க வேண்டும். நல்ல மரத்தின் கிளையிலிருந்து ஒரு 'கண்'ணை, அதாவது துளிர் உறங்கும் மொட்டை, பட்டையோடு பெயர்த்து அந்த ஜன்னலுக்குள் பொருத்தி நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், பட்டை பச்சையாக இருந்தால் ஒட்டிவிட்டது என்று பொருள். பிறகு கன்றின் மேற்பகுதியை வெட்டிவிட்டால் அந்தக் கண்ணிலிருந்து புது மரம் எழும். வேர் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. ஒரு நல்ல மரத்திலிருந்து ஆயிரம் மரங்கள், பிறகு லட்சம் மரங்கள்; அத்தனையும் ஒரே மரத்தின் பிரதிகள். 'குளோன்' என்று இன்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அது இதுதான். ஆட்டுக்குட்டியைக் குளோன் செய்தார்கள் என்று 1997-இல் உலகமே வியந்தபோது, நம் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் குளோன் மரத்தடியில் நின்று பால் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ஒட்டுக் கட்டுவது நேர்த்தியான கைவேலை. கத்தி அழுக்காக இருந்தாலும், கண்ணின் உள்பக்கத்தில் விரல் பட்டாலும், வெயில் ஏறிய பிறகு கட்டினாலும் ஒட்டாது. நாற்றங்காலில் குனிந்து உட்கார்ந்து அதைச் செய்தவர்கள் துரைமார் அல்லர். தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்த வேலையும் அப்படித்தான். சிலாங்கூரில் காஜாங்கிற்கு அருகில் அன்று இருந்த பிராங் பெசார் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்களின் பாலைத் தனித்தனியே அளந்து, மிகுந்த பால் தருபவற்றைப் பொறுக்கினார்கள். ஒவ்வொரு மங்கையும் தனியாக அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆளின் பெயர் எந்த அறிக்கையிலும் இருக்காது.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. ஜாவாவின் 'சிர் 1' என்ற மரத்தையும் பிராங் பெசாரின் 'பி.பி. 86' என்ற மரத்தையும் கலந்து 1937-இல் அங்கே உருவாக்கியதுதான் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600'. அறுநூறாம் நம்பர் என்றால் தோட்டத்தில் வயதானவர்களுக்கு உடனே புரியும். இந்தக் கலப்பும் கையால் செய்வதே. ரப்பர்ப் பூ மிகச் சிறியது. ஆண்பூவின் தூளை எடுத்துப் பெண்பூவில் வைத்து மூட வேண்டும். நூறு பூவுக்குச் செய்தால் ஐந்து காய் நிற்பது அபூர்வம். தேர்ந்தெடுக்கப்படாத விதைமரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு 500 கிலோ ரப்பரைத் தந்த நிலை மாறி, இப்படி வந்த மரங்கள் 1,500 கிலோவும் அதற்கு மேலும் தந்தன. மூன்று மடங்கு!

மூன்று மடங்கு பால் என்றால் மூன்று மடங்கு கூலியா? வாளியின் கனம் கூடியது உண்மை. எடைக்கூலி கிடைத்த இடங்களில் கொஞ்சம் கையில் நின்றதும் உண்மை. ஆனால் நாட்கூலி என்ற முறை அப்படியே இருந்தது. ரப்பர் விலை விழுந்தபோது கூலியும் விழுந்தது. மழை பெய்தால் வேலை இல்லை. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954-இல் ஒன்றுபட்டு எழுந்து ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் போராடியதெல்லாம் இதற்காகத்தான். மரத்தின் குணத்தை மாற்ற விஞ்ஞானிகளுக்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன. கூலி முறையை மாற்ற அதைவிட அதிக காலம் பிடித்தது.

1970-களில் எத்திலீன் வாயுவை வெளிவிடும் மருந்தைப் பட்டையில் தடவும் வழக்கம் வந்தது. பால் சீக்கிரம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் நெடுநேரம் வடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிய மரத்தை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்றாயிற்று. அதாவது, அதே பாலுக்குக் குறைவான ஆட்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் கதைக்கு இது தேவை.

அந்தக் கதை செம்பனையின் கதை. 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வியாபார முறையில் முதன்முதலாகப் பயிரான செம்பனை, 1960-களுக்குப் பிறகு பால்மரக் காடுகளை விழுங்கிக்கொண்டு பரவியது. தைப்பிங்கைச் சுற்றியும் அப்படியே. மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மரத்தை மட்டும் கொண்டுவந்தார்களே தவிர, அதன் கூட்டாளியைக் கொண்டுவரவில்லை. கூட்டாளி யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

செம்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் வரும். ஆண் பாளையின் தூள் பெண் பாளையில் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். காற்று அந்த வேலையைச் செய்துவிடும் என்று புத்தகங்கள் சொல்லின. ஆனால் இங்கே, குறிப்பாக இளமரங்களிலும் சபாவிலும், குலைகள் பாதி பொக்காகவே இருந்தன. அதனால் மனிதர்களைக் கொண்டு செய்தார்கள். பூந்தூளை டால்க் பவுடரோடு கலந்து ஒரு புட்டியில் அடைத்து, குழாய் வழியாகப் பெண் பாளையின் மேல் ஊத வேண்டும். பாளை விரிவது சில நாட்களுக்குத்தான் என்பதால் வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். மட்டைகளின் முள்ளுக்கு நடுவே கையை நுழைக்க வேண்டும். பெரும்பாலும் பெண்களுக்கே இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

என் தாயார் அந்த வேலை செய்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. மாலையில் வீடு திரும்பும்போது அவர் புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். முழங்கை வரை முள் கீறிய கோடுகள் இருக்கும். அம்மாவின் மேல் பவுடர் மணக்கும் என்று நாங்கள் அருகில் போய் உட்கார்ந்துகொள்வோம். சின்னப் பிள்ளைகளுக்கு அது என்ன பவுடர் என்று என்ன தெரியும்!

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி மலேசியாவிலும் ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் தூள் ஊதுவதில்லை; ஆனாலும் குலை கொழுத்து நிற்கிறது. ஆண் பாளையில் சிறுவண்டுகள் மொய்ப்பதையும் அவர் கண்டார். இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். கடைசியில் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது 1970-களின் பிற்பகுதியில் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். செம்பனையைச் சூல்கொள்ள வைப்பது காற்றன்று, வண்டுதான் என்பதை அவர் நிலைநாட்டினார். அவற்றுள் கெட்டிக்காரக் கூன்வண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அரிசி மணியைவிடச் சிறியது; நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அரிசியில் விழும் வண்டைப்போல் அதற்கும் நீண்ட மூக்கு உண்டு. கேமரூன் நாட்டின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

இந்த வண்டின் பிழைப்பு வேடிக்கையானது. ஆண் பாளை விரியும்போது சோம்பு வாசனை போன்ற ஒரு வாசனை எழும். அந்த வாசனைக்கு வண்டுகள் கூட்டமாக வந்து, பூவைத் தின்று, அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழும். பெண் பாளையும் விரியும்போது அதே வாசனையைக் கொஞ்சம் விடுகிறது. ஏமாந்த வண்டு அங்கே போகும். தின்பதற்கு ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்பும். ஆனால் அதற்குள் அதன் உடம்பில் ஒட்டியிருந்த தூள் பெண்பூவில் உதிர்ந்துவிடும்.

வெளிநாட்டுப் பூச்சியை ஒரு நாட்டுக்குள் விடுவது விளையாட்டு அல்ல. நம் நெல்லையோ தென்னையையோ தின்னத் தொடங்கினால் என்ன செய்வது? அதனால் பல வகைப் பயிர்களிலும் வண்டை விட்டுச் சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பாளையை விட்டால் வேறெதிலும் அது இனம் பெருக்குவதில்லை என்று கண்டார்கள். தொற்றுக்காப்பில் அடைத்து வைத்து, நோய்க்கிருமி எதுவும் ஒட்டி வரவில்லை என்பதை உறுதி செய்தார்கள். பிறகு 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் பகுதித் தோட்டம் ஒன்றில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். விஞ்ஞான முறையில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத பணி. இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

வண்டு பரவிய வேகம் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுவதும் அதன் ஆட்சி. குலைகள் கனத்தன, காய்ப்பிடிப்பு நூற்றுக்கு ஐம்பது என்பது போய் எழுபதைத் தாண்டியது. பருப்பு மிகுந்துவிட்டதால் ஆலைகளில் இயந்திரங்களைக்கூட மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. பூந்தூள் ஊதும் வேலை ஒரேயடியாக மறைந்தது.

அந்தப் புட்டியை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்த நாளில் என் தாயார் எங்கள் அத்தையிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது: "அண்ணி, அந்த வண்டுக்குச் சம்பளம் உண்டா?" இருவரும் சிரித்தார்கள். மறுவாரம் அவருக்கு மருந்தடிக்கும் வேலை கொடுத்தார்கள்.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகில் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தது பெண்கள். அதில் பராகுவாட் என்ற கொடிய நஞ்சும் இருந்தது. நகம் கறுத்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது, கண் எரிந்தது. தோட்டத்துப் பெண்களின் இந்த நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. அந்த மருந்துக்கு முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில்தான். வண்டைத் தொற்றுக்காப்பில் வைத்து எத்தனை கவனமாகச் சோதித்தார்கள் என்று இப்போதுதான் சொன்னேன். புட்டியைக் கீழே வைத்த பெண்கள் அடுத்து எதைத் தூக்கப் போகிறார்கள் என்று அதே கவனத்தோடு யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. மிச்சமான கூலி எண்ணெயின் கணக்கில் சேர்ந்தது. லயத்துக் கூரைக்கு வந்து சேரவில்லை.

இனி ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைவோம். செம்பனைக்குக் கண்ணொட்டு கிடையாது. தென்னையைப்போல் ஒற்றைக் குருத்து மரம். நல்ல மரத்தைப் பிரதி எடுக்க வேண்டுமானால் இலைக்குருத்திலிருந்தோ வேரிலிருந்தோ ஒரு துணுக்கை வெட்டி, சத்துக்கூழ் உள்ள கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, அதிலிருந்து கன்றுகளை எழுப்ப வேண்டும். இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். 1970-களில் இங்கிலாந்திலும் மலேசியாவிலும் இது கைகூடியது. குப்பியில் பிறந்த கன்றுகள் குளுவாங்கில் வயலுக்கு வந்தன. இனி எண்ணெய் ஆறாக ஓடும் என்றார்கள். 1980-களின் நடுவில் அந்த மரங்களில் சில வினோதமாகப் பூக்கத் தொடங்கின. காயைச் சுற்றிப் போர்வை போர்த்தியதுபோல் சதை வளர்ந்து, குலை வீணாகிப் போனது. காரணம் தெரியவில்லை. நம்பிப் பணம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள், அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்து 2015-இல் 'நேச்சர்' என்ற உலகப் புகழ் பெற்ற இதழில் விடையை வெளியிட்டார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன் மேல் இருக்கும் ஒரு இரசாயன முத்திரை குப்பியில் வளரும்போது அழிந்துபோகிறது. அந்த முத்திரை இருக்க வேண்டிய இடத்திற்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயரைக் கேட்டால் வியப்பீர்கள்: 'கர்மா'. முத்திரை அழிந்தால் கெட்ட கர்மா, நிலைத்தால் நல்ல கர்மா என்று கட்டுரையிலேயே எழுதினார்கள். நம் ஊர்க் கிழவிகள் கேட்டால் இதற்கா முப்பது வருஷம் என்பார்கள்.

இந்த ஆய்வுகளை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் ரவிகதேவி சம்பந்தமூர்த்தி என்ற நம் பெண்மணி. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013-இல், செம்பனைக் கொட்டையின் ஓடு தடிப்பாக இருக்குமா மெல்லியதாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்த குழுவிலும் அவர் இருந்தார். மெல்லிய ஓடுள்ள மரம் தடித்த ஓடுள்ளதைவிட நூற்றுக்கு முப்பது அளவு கூடுதல் எண்ணெய் தரும். முன்பெல்லாம் எந்த ஓடு என்று தெரிய, கன்றை நட்டு மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலிலேயே இலைத் துணுக்கைச் சோதித்துச் சொல்லிவிடலாம். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் கலப்பு நாற்றை வாங்கி ஏமாந்து, இருபத்தைந்து ஆண்டுகள் அதன் நட்டத்தைச் சுமப்பது வழக்கமாக இருந்தது. அவர்களுக்கு இது பெரிய காரியம். ஆகவே இந்த நுட்பமெல்லாம் முதலாளிக்குத்தான் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை.

அச்சம் கொள்ள வேண்டிய இடமும் உண்டு. லட்சக்கணக்கான மரங்கள் ஒரே மரத்தின் பிரதிகளாக இருந்தால், அந்த ஒரு மரத்தைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லும். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் தம் பெயரால் ஒரு தோட்ட நகரத்தையே கட்டினார். இலைக் கருகல் நோய் அந்தப் பால்மரங்களை மொட்டையாக்கியது. 1945-இல் அவருடைய நிறுவனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறியது. அந்த நோய் ஆசியாவுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் இன்றும் நீங்கவில்லை. நம் விமான நிலையங்களில் தென்னமெரிக்காவிலிருந்து வருபவர்களின் காலணியைப் பற்றிக்கூடக் கவலைப்படுவது இதனால்தான்.

1981-இல் வண்டு வந்தபோது தோட்டத்து மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்று அதற்குச் சட்டம் இருக்கிறது. 2007-இல் இயற்றிய உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிரை வெளியில் விட வேண்டுமானால் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் 2010 டிசம்பரில் பகாங், பெந்தோங் அருகே காட்டில் டிங்கிக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தும் முயற்சியாக மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் 6,000 விடப்பட்டபோது என்ன நடந்தது? பத்திரிகையில் அறிவிப்பு வந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். விட்டுவிட்ட செய்தி தங்களுக்கு அடுத்த மாதம்தான் தெரியவந்தது என்று அங்குள்ளவர்களும் பொது அமைப்புகளும் குறைப்பட்டார்கள். கொசு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி அந்த அறிவிப்பை எந்தப் பத்திரிகையில் பார்த்திருக்க முடியும்?

கடைசியாக, மீண்டும் நம் பால்மரத்திற்கே வருவோம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் 1990-களில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தூதாக வைத்துப் பால்மரத்தின் உயிரணுவுக்குள் புது மரபணுவை ஏற்றக் கற்றார்கள். பி. ஆரோக்கியராஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை, மனித இரத்தத்திலுள்ள 'ஆல்புமின்' என்ற புரதத்தைப் பால்மரத்தில் உண்டாக்க முடிந்ததைச் சொல்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்கும் இரத்தம் இழந்தவர்களுக்கும் மருத்துவமனையில் ஏற்றுவது இந்தப் புரதத்தைத்தான். ஏன் பால்மரம்? வேறு எந்தச் செடியிலும் இலையையோ விதையையோ அரைத்துப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். பால்மரமோ வெட்டினால் தானே தருகிறது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு மரம் கிடைத்துவிட்டால், மற்றவற்றைப் பழைய கண்ணொட்டு முறையிலேயே பெருக்கிவிடலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் இது நிறைவேறியிருக்கிறது, தோட்டத்துக்கு வரவில்லை. வருவதற்குச் சட்டத்தையும், மருந்துச் சோதனைகளையும், பூந்தூள் பறந்து பக்கத்து மரத்தில் கலந்துவிடுமோ என்ற கேள்வியையும் தாண்டியாக வேண்டும். அந்த ஆராய்ச்சிகள் நடந்த சுங்கை பூலோ நிலத்தின் பெரும்பகுதியில் இன்று வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன.

தோட்டங்களில் இன்று நம் பிள்ளைகள் குறைவு. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். நாம் கமுந்திங்கிலும் சிம்பாங்கிலும் வாடகை வீடுகளிலும் மலிவு வீடுகளிலும் இருக்கிறோம். இருந்தாலும் பழைய பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். காண்டா வாளியை இறக்கி வரிசையில் நிற்போம். கிராணியார் பாலை எடை போடுவார். மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்க விட்டு, ரப்பர் எத்தனை சதவிகிதம், தண்ணீர் எத்தனை என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அந்த எண்ணை வைத்துத்தான் நம் கூலி. அந்தக் குழலுக்குத் தெரிந்தது ரப்பர் ஒன்றுதான். நாளை ஒரு மங்குப் பாலில் ரப்பரோடு மருந்தும் சேர்ந்து வருமானால், அந்த வரிசையில் நிற்பவர் தமிழரோ வங்காளியோ, அவருடைய வாளியை எதைக் கொண்டு அளப்பது என்பதை மரத்தை நடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வாளி வந்த பிறகு கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று 1981-இல் புட்டியை ஒப்படைத்தவர்களைக் கேளுங்கள்.